யோகம் கொல்ல மறுத்த இருவர்

செய்தியை எனக்குச் சொன்னவர் ரெசோ. ஓல்டனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் அலுவலகத் தொலைபேசிக்கு எடுத்திருந்தார். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைத் தாதி வந்து கூப்பிட்டார். வேலைநேரத்தில் எனக்குத் தொலைபேசி வருகிறதென்றால் ஒன்று பொலிஸ், இல்லாவிட்டால் மரணம். “யோகம் இன்று காலை இறந்துபோனாள்,” என்றார் ரெசோ, ஜெர்மனில். “உங்கள் வழக்கத்தில் இப்போது கணவன் என்ன செய்யவேண்டும்? நீ சொல்லு, நான் செய்கிறேன்,” என்றார். கணவன் என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை. தயக்கமெல்லாம் எங்கள் பக்கத்தில்தான்.

இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு யோகேஸ்வரியைத் தெரியும். ‘அளந்த மலை’ என்ற சரித்திர நாவலை இதில் தொடராக எழுதியவர். நேரில் காணாதவர்களும், லுசேர்ணில் ஹோட்டல் வேலை செய்தவர், ஒரு குர்திஷ்காரரோடு வாழ்ந்தவர் என்ற அளவுக்குக் கட்டாயம் அறிந்திருப்பீர்கள். அந்த இரண்டாவது செய்திக்கு நாவலைவிட வாசகர்கள் அதிகம். கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் அவர் போனார். அது என்னிடம் இருக்கிறது. அதை வெளியிடவேண்டாம், நாவல் முடியாமல் நின்றுவிட்டது என்று ஒரு வரி போட்டுவிடும் என்று எங்கள் தமிழ் மன்றத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாலு நல்ல வார்த்தை, இனிமையாக எழுதும் என்று வேறு சொன்னார்கள். இனிமை யோகத்துக்கும் சரிவராது, எனக்கும் சரிவராது.

கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தவர் அவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இருந்த வீடு எரிந்தபின் இந்தியா, கிழக்கு ஜெர்மனி என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தார். அப்போது சுவிசில் எங்கள் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொடியன்கள் எல்லாரும் அவரை யோகக்கா என்றார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் யோகம் என்றேன், அவர் மகேசன் என்றார். ‘நீர்’ போட்டுக் கதைத்தோம், ‘நீர்’ போட்டே சண்டையும் பிடித்தோம். லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் லிங்கெரியில், அதாவது துணி வெளுத்து மடிக்கும் பகுதியில், அவருக்கு வேலை கிடைத்தது. “அசோகச் சக்கரவர்த்தியிலயிருந்து மேசைவிரிப்புக்கு வந்திட்டன். ரெண்டிலயும் கறை போகாது,” என்பார்.

அதே ஹோட்டலின் சமையலறையில் ரெசோ வேலை செய்தார். துருக்கியின் தென்கிழக்கு மலைப்பக்கத்தவர். முதல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலையாட்களின் சாப்பாட்டு மேசையில் தனியே இருந்த யோகத்துக்கு, தன் ரொட்டியைப் பிய்த்து ஆட்டிறைச்சி வைத்து நீட்டினார். வெள்ளிக்கிழமை யோகம் விரதம். தலையை ஆட்டிக் கையால் தள்ளிவிட்டார். போதாததற்கு, மணம் பிடிக்காமல் கதிரையையும் அங்கால் நகர்த்திக்கொண்டார். ரெசோவின் ஊரில் நீட்டிய ரொட்டியைத் தள்ளுவது சின்னக் காரியமில்லை. உன் வீட்டோடு எனக்குப் பகை என்று அர்த்தம். அன்றிலிருந்து அவர் யோகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யோகமோ, கண்டறியாத மனிசன், வந்த புதுசிலேயே முறைக்கிறான் என்று என்னிடம் வசைபாடினார்.

பல வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அதே மேசையில் யோகம் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்ததை ரெசோ கண்டார். எழும்பி வந்து முன்னால் நின்று, “இன்றைக்குச் சாப்பிடுகிறாய். அன்றைக்குத் தள்ளியது இறைச்சியையா, என்னையா?” என்று கேட்டார். இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விரதத்தை விளங்கப்படுத்தி முடிக்க அன்றைய இடைவேளை முழுக்கப் போய்விட்டது. “கலியாணப் பேச்சு அண்டைக்கே முடிஞ்சுது, மகேசன். மிச்சமெல்லாம் சடங்கு,” என்று சொல்லி யோகம் சிரிப்பார்.

அந்தச் சடங்கு மட்டும் நடக்கவில்லை. இங்கே பதிவு செய்ய ரெசோவின் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதற்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்கு அவர் போகவேண்டும். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தாரோ, அதன் கதவைப் போய்த் தட்டச் சொன்னால் எப்படித் தட்டுவது? ஆகவே பதிவில்லாமலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். “சும்மா சேர்ந்து இருக்கினம்,” என்று வின்டர்தூர் நகரம்வரை கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யோகத்திடம் அதைக் கொண்டுபோய்ச் சொன்னேன். “ரெண்டு அரசாங்கம் எங்களை வேண்டாம் எண்டுது. மூண்டாவது இன்னும் யோசிக்குது. இந்த லட்சணத்தில உங்கட மன்றத்திட்டயும் நான் பெர்மிட் கேக்க வேணுமோ?” என்றார்.

நாவல் தொடங்கியது ஓல்டன் ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில். எல்லாத் திசை ரயிலும் அங்கே வந்து நிற்பதால் இதழ்க் கூட்டங்களை அங்கேதான் வைப்போம். ஒரு கோப்பியோடு ஒரு பின்னேரத்தையே ஓட்டுவோம், பரிமாறுகிற பெண் எங்களைக் கண்டாலே பெருமூச்சு விடுவார். அங்கே வைத்து யோகம் தன் தாயின் சின்னையா, சித்தப்பா முறையான ஒருவரின் கதையைச் சொன்னார். சேவையர் உத்தியோகம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போனவர். முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு ஆங்கிலேயருக்காக நிலம் அளக்க மெசொப்பொத்தேமியாவுக்குப் போனார். திரும்பி வரவில்லை. கொலராவில் செத்துப்போனார் என்று வீட்டில் திவசம் கொடுத்தார்கள். பிறகு யாரோ ஒருவர் கப்பலில் வந்து, அவர் உயிரோடுதான் இருக்கிறார், மலைச்சாதிப் பெண் ஒருத்தியோடு இருக்கிறார் என்று சொன்னாராம். “அதுக்குப் பிறகும் திவசம் நிக்கேல்லை, மகேசன். உயிரோட இருக்கிறார் எண்டு தெரிஞ்சும் வருசா வருசம் பிண்டம் வைச்சவை,” என்றார் யோகம். அவர் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சின்னையாதான் நாவலின் கந்தவனம். மலைக் கிராமத்துக் குர்திஷ் பெண்ணுக்கு ஹேலின் என்று ரெசோ பெயர் வைத்தார். யோகம் எழுதுவார், தன் ஜெர்மனில் அதை ரெசோவுக்குச் சொல்லுவார், அவர் திருத்துவார், யோகம் மறுபடி எழுதுவார். பிறகு அது ரயிலேறி என்னிடம் வரும். தமிழ்த் தட்டச்சு எங்களிடம் இல்லாததால் இதழ் முழுவதையும் என் கையால் எழுதித்தான் நகல் எடுப்போம்.

ஆரம்பத்தில் யோகமும் சறுக்கினார். கந்தவனம் முதன்முதல் ஹேலின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும் இடத்தில், இவன் வெள்ளிக்கிழமை சைவம் என்று அறிந்த ஹேலினின் தாய் தனிச் சட்டியில் பருப்புக் காய்ச்சி, முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்ததாக எழுதியிருந்தார். அச்சொட்டாக யாழ்ப்பாணத்துக் கரவெட்டி. ரெசோ கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “ரொட்டியைத் தள்ளியவனுக்குப் பருப்பா? என் அப்பா என்றால் மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார்!” என்றார். தான் பட்ட பாட்டையே மறந்து எழுதிவிட்டேனே என்று யோகத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிழித்துப்போட்டுவிட்டுத் திரும்ப எழுதினார். கந்தவனம் ரொட்டியைத் தள்ளுகிறான். ஹேலினின் தகப்பன் எழுந்து நிற்கிறார். அப்போது ஹேலின் வந்து, தள்ளப்பட்ட ரொட்டியை எடுத்துத் தானே தின்கிறாள், அவமானம் வீட்டில் தங்காமல் இருக்க. அந்த அத்தியாயம் வந்த இதழைத்தான் நீங்கள் ஆளுக்காள் இரவல் வாங்கி வாசித்தீர்கள்.

பிறகு கதை பாரமாகியது. கந்தவனம் அளந்து கீறிய வரைபடத்தை வைத்துக்கொண்டே ஆங்கிலேய விமானங்கள் அந்த மலைக் கிராமங்களுக்குக் குண்டு போட வருகின்றன. இவன் புள்ளி வைத்த இடமெல்லாம் எரிகிறது. எங்கள் சனத்துக்கு விமானச் சத்தத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. லுசேர்ண், வின்டர்தூர், ஓல்டன் என்று எல்லா இடத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. இனி என்ன ஆகும், அவள் பிழைப்பாளா, இவன் ஊருக்குத் திரும்புவானா என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் பிடுங்குப்பாடு தொடங்கியது.

எங்கள் மன்றத் தலைவர் பொன்னம்பலம் அண்ணை வின்டர்தூரில் ஒரு கூட்டம் கூட்டினார். யோகம் ரெசோவையும் அழைத்து வந்தார். “அவருக்குத் தமிழ் விளங்காதுதானே, வெளியில இருக்கச் சொல்லுங்கோ,” என்றார் ஒருவர். யோகம் அவர் பக்கம் திரும்பினார். “இவர் சின்னனில பள்ளிக்கூடத்தில தன்ர பாஷையில தண்ணி கேட்டு அடிவாங்கினவர். உங்கட பாஷையைக் கேட்டுக்கொண்டு இருக்கிறதுக்கும் இனி அடிவாங்க வேணுமோ?” என்றார். ரெசோ கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார்.

பொன்னம்பலம் அண்ணையைத் தவறாக நினைக்காதீர்கள். அவர் தன் மூத்த மகனை ஊரில் நடக்கும் யுத்தத்தில் பறிகொடுத்தவர். “தங்கச்சி, கோவிக்காதையும். எங்கட பிள்ளையள் அங்க சாகுதுகள். நீர் ஆரோ மலைச்சனத்தின்ர கதையை எழுதுறீர். சரி, எழுதும். ஆனா எங்கட பொடியன் அந்தப் பெட்டையோட அங்கயே இருந்திட்டான் எண்டு முடிச்சா, இஞ்ச இருக்கிற பொடியளுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது? குண்டு விழேக்க அவளும் போயிட்டாள், அவன் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பினான் எண்டு முடிச்சுவிடும். சனம் கண்ணீர் விடும். நாவலும் நிக்கும்,” என்றார்.

மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். யோகம் எழும்பினார். குரலை உயர்த்தவில்லை. “அண்ணை, உங்கட பிள்ளையை நினைச்சு நான் அழாத நாளில்லை. ஆனா இதைக் கேளுங்கோ. என்ர சின்னையாவை எங்கட வீட்டார் வாயால கொன்றுபோட்டினம். அவளின்ர சனத்தைக் கொல்ல ஆக்கள் வரிசையில நிக்கினம், அண்டைக்கும் நிண்டவை, இண்டைக்கும் நிக்கினம். எங்களையும் கொல்ல ஆக்கள் இருக்கினம். இவ்வளவு பேர் இருக்கேக்க, பேனையால கொல்லுறதுக்கு நான் வேற வேணுமோ? கொல்ல மாட்டன்.” சொல்லிவிட்டு இருந்துவிட்டார். பிறகு தேநீர் கொடுத்தார்கள். யாரும் யோகத்தின் பக்கத்தில் வரவில்லை. நானும் ரெசோவும் மட்டும் அவரோடு நின்று குடித்தோம்.

அடுத்த மாரிக்குள் வருத்தம் வந்துவிட்டது. புற்றுநோய், மார்பில் தொடங்கி எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தை எழுதினார். கை ஓய்ந்துபோன நாட்களில் அவர் சொல்ல நான் எழுதினேன். ரெசோ பக்கத்தில் நின்று, “பனி உருகும் காலத்தில் அந்த ஆற்றைக் கடக்க முடியாது. இலையுதிர்காலம் என்று போடு,” என்று சாகக் கிடப்பவரோடும் வாதாடினார். யோகம் பல்லைக் கடித்துக்கொண்டு இலையுதிர்காலமாக மாற்றினார். முடித்த பின்னேரம் என்னைப் பார்த்து, “மகேசன், எழுத்து உம்மட கையெழுத்து. கதை என்ரது. ஒருத்தன் வந்து அழுதாலும் மாத்தக் கூடாது. நீர் இரக்கசாலி, அதுதான் பயமாய்க் கிடக்கு,” என்றார். என்னை இரக்கசாலி என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஏசுவதற்காகத்தான் சொன்னார்.

மரண அறிவித்தலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி என்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்று சொன்னார்கள். ரெசோவின் அன்பு மனைவி என்று முதல் வரியிலேயே எழுதி, ஒட்டக்கூடிய சுவரிலெல்லாம் ஒட்டினேன். சுடலை மண்டபத்திலும் பிரச்சினை வந்தது. தம்பியார் கனடாவில், வரமுடியாது. ஆகவே கிரியையை ஊரவர் என்ற முறையில் தானே செய்கிறேன் என்றார் பொன்னம்பலம் அண்ணை. “புருசன் நிக்கிறார், அண்ணை,” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ரெசோவைப் பார்த்தார், பிறகு விலகி வழிவிட்டார். வாய்க்கரிசி எதற்கு என்று ரெசோ என்னிடம் கேட்டார். போகிறவருக்குக் கடைசியாகக் கொடுக்கும் சாப்பாடு என்றேன். அவர் குனிந்து மெதுவாக இட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒப்பாரி சொல்ல ஒரு பெண்கூட இருக்கவில்லை. ஆண்கள் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு, கோட்டுப் போட்ட மரங்களாக நின்றோம். அப்போது ரெசோவின் பக்கத்துப் பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று வாய்விட்டுப் பாடி அழுதார்கள். துருக்கியில் வாய்திறக்கக் கூடாது என்று தடைசெய்யப்பட்ட பாஷையில், எங்கள் யோகத்துக்காக. ஒரு சொல் விளங்கவில்லை. ‘யோகம், யோகம்’ என்பது மட்டும் விளங்கியது. மண்டபக் காவலாளி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். அவர்கள் குறைக்கவில்லை. பொன்னம்பலம் அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு அவர் என்னைத் தேடி ஓல்டனுக்கு வந்தார். அதட்டவில்லை, தன்மையாகத்தான் கேட்டார். “தம்பி, மனிசி போயிட்டுது. இனி என்ன சண்டை? நாவல் முடியாமல் நிண்டுபோச்சு எண்டு போட்டுவிடும். ஒருத்தருக்கும் நோகாது,” என்றார். மாட்டேன் என்றால் மன்றத்தின் நகல் இயந்திரம் இதழுக்குக் கிடைக்காது என்பதையும் கவலையோடு சொன்னார்.

நோகாதாம். எனக்கு நோகிறது. உயிரோடு இருந்தவருக்குத் திவசம் கொடுத்த குடும்பத்தின் வேலையை இப்போது மன்றம் செய்யப் பார்க்கிறது. “அண்ணை, செத்தவையின்ர வாயைப் பொத்துறது லேசு. லேசு எண்டதாலதான் அதைச் செய்யக் கூடாது,” என்றேன். அவர் அடுத்த ரயிலில் போய்விட்டார். அவரோடு எனக்குப் பகையில்லை. அவர் மகனுக்கு அஞ்சலி எழுதியதும் நான்தான். ஆனால் ஒரு சாவுக்காக இன்னொரு சாவைக் கற்பனையிலும் எழுதித்தரச் சொல்வது நியாயமில்லை. அதை நான் எங்கும் சொல்வேன்.

இந்த இதழ் மன்றத்து இயந்திரத்தில் நகல் எடுக்கப்படவில்லை. ரெசோவின் தோழர்கள் தங்கள் துண்டுப்பிரசுரங்களை அடிக்கும் இயந்திரத்தைத் தந்தார்கள். தாள்களை அடுக்கி ஊசி குத்தியதும் அவர்கள்தான். தமிழில் தலை எது கால் எது என்று தெரியாதவர்கள் என்பதால் ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையிலும் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன். அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். நகல் எடுத்த கறுப்பு மையும் அங்கங்கே விரல் அடையாளமாகப் பதிந்திருக்கிறது. அதுவும் அப்படியே இருக்கட்டும்.

யோகத்தின் துணிமணிகளை ரெசோ கொடுத்துவிட்டார். புத்தகங்கள் வின்டர்தூர்ப் பொடியன்களிடம் போயின. எனக்கு என்ன வேண்டும் என்று ரெசோ கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்குரியதை நான் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டேன். ஒரு மண்டபமே தலையாட்டும்போது எழும்பி நின்று, குரலை உயர்த்தாமல் ‘மாட்டன்’ என்று சொல்லிவிட்டு இருக்கத் தெரிந்த அந்தப் பிடிவாதம். என் சுபாவத்துக்குக் குரலை உயர்த்தாமல் இருப்பதுதான் கஷ்டம். பழகிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தைத் திருப்புங்கள். கடைசி அத்தியாயம் அங்கே இருக்கிறது, ஒரு சொல்லும் மாறாமல். கந்தவனமும் ஹேலினும் இலையுதிர்காலத்து ஆற்றைக் கடக்கிறார்கள். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.